‘எங்கள் மதம் ஒப்பவில்லை’ என்று வேலை மறுக்கலாமா? அமெரிக்கச் சட்டம் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலைக்கு வந்தவர் தன்பாலீர்ப்பாளர் என்று தெரிந்ததும் “எங்கள் மத நம்பிக்கைக்கு ஒத்துவராது” என்று திருப்பி அனுப்பினால் அமெரிக்காவில் செல்லுமா? செல்லும் என்றும் தீர்ப்பு இருக்கிறது, செல்லாது என்றும் இருக்கிறது. வேலை கொடுப்பவர் யார், அந்த வேலையில் இருப்பவர் அன்றாடம் என்ன செய்ய வேண்டும், எந்த மாநிலம் என்று மூன்றையும் கேட்டுக்கொண்டுதான் பதில் சொல்ல முடியும். அங்கே வேலை தேடும் தமிழர்களும், அங்கே கடை, கோயில், பள்ளி நடத்தும் தமிழர்களும் கேட்கும் கேள்விகளை இங்கே எடுத்துக்கொள்கிறோம். இது பொதுத் தகவல். கையில் ஒரு வழக்கே இருந்தால் அந்த மாநிலத்தில் வேலைவாய்ப்பு வழக்குகள் நடத்தும் வழக்கறிஞரைப் பார்ப்பதுதான் சரி.

கேள்வி: எந்தச் சட்டத்தைப் பற்றிப் பேசுகிறோம்?

1964-ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் சட்டம். அதன் ஏழாம் பகுதியை எல்லோரும் ‘டைட்டில் செவன்’ என்றே சொல்வார்கள். இனம், நிறம், மதம், பால், பிறந்த நாடு ஆகிய ஐந்தையும் காரணம் காட்டி வேலை மறுக்கவோ, வேலையை விட்டு நீக்கவோ கூடாது என்பது அதன் சாரம். ஐந்தில் ‘பாலீர்ப்பு’ என்ற சொல் கிடையாது. ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் நடந்த சண்டையெல்லாம் இந்த ஒரு சொல் இல்லாததால் வந்ததுதான். அதைச் சேர்க்கக் கொண்டுவந்த மசோதா 2013-இல் செனட்டில் 64-க்கு 32 என்று நிறைவேறியும் கீழவையில் எடுத்துக்கொள்ளப்படவே இல்லை.

கேள்வி: சட்டத்தில் சொல்லே இல்லை என்றால் பாதுகாப்பு எங்கிருந்து வந்தது?

2020 ஜூன் 15 அன்று வந்த பாஸ்டாக் தீர்ப்பிலிருந்து. மூன்று வழக்குகளைச் சேர்த்து உச்ச நீதிமன்றம் விசாரித்தது. ஜார்ஜியாவில் தன்பாலீர்ப்பாளர்களின் சாஃப்ட்பால் அணியில் சேர்ந்த பிறகு வேலை இழந்த கவுன்டி அலுவலர் ஒருவர். நியூயார்க்கில் விமானத்திலிருந்து குதிக்கக் கற்றுத்தரும் பயிற்சியாளர் ஒருவர். மிச்சிகனில் இறுதிச் சடங்கு நிலையத்தில் வேலை பார்த்த திருநங்கை ஒருவர். பின்னவர் இருவரும் தீர்ப்பைப் பார்க்க உயிரோடு இல்லை.

6-க்கு 3 என்ற பெரும்பான்மையில் நீதிபதி கோர்சச் எழுதிய தர்க்கம் ரொம்ப நேரானது. ஓர் ஆணை நேசிக்கும் பெண்ணை வேலையில் வைத்துக்கொள்கிறீர்கள். ஓர் ஆணை நேசிக்கும் ஆணை நீக்குகிறீர்கள். இரண்டு பேருக்கும் நடுவில் மாறியது எது? பால் மட்டுமே. ஆகவே இது பால் காரணமான பாகுபாடு. அவ்வளவுதான்.

அதே தீர்ப்பின் கடைசிப் பகுதியில், மத நம்பிக்கை உள்ள முதலாளிகளின் கதி என்ன என்ற கேள்வியை நீதிமன்றம் தொட்டுவிட்டு, ‘அது பின்னால் வரும் வழக்குகளுக்கு’ என்று வைத்துவிட்டது. இந்தப் பக்கம் முழுக்க அந்த ‘பின்னால்’ பற்றித்தான்.

கேள்வி: எல்லா முதலாளிக்கும் இது பொருந்துமா?

பொருந்தாது. நடப்பு ஆண்டிலோ முந்தைய ஆண்டிலோ குறைந்தது 20 வாரங்கள் 15 பேருக்குக் குறையாமல் வேலைக்கு வைத்திருந்தால்தான் டைட்டில் செவன் கட்டுப்படுத்தும். பகுதி நேர ஆட்களும் கணக்கில் வருவார்கள். அன்றைக்கு வேலைக்கு வந்தார்களா என்று பார்ப்பதில்லை, சம்பளப் பட்டியலில் பெயர் இருந்ததா என்றே பார்க்கிறார்கள். எட்டுப் பேர் வேலை செய்யும் மளிகைக் கடை இதற்குள் வராது.

அதற்காகக் கடைக்காரர் நிம்மதியாக இருந்துவிட முடியாது. மாநிலச் சட்டம் தனியாக இருக்கிறது. கலிஃபோர்னியாவில் 5 பேர், வாஷிங்டன் மாநிலத்தில் 8 பேர், நியூயார்க்கிலும் இல்லினாயிலும் ஒரே ஓர் ஆள் இருந்தாலும் போதும். பாலீர்ப்பைச் சட்டத்தில் எழுதிய முதல் மாநிலம் விஸ்கான்சின், ஆண்டு 1982. ஜார்ஜியா, அலபாமா போன்ற இடங்களில் தனியார் வேலைக்கு அப்படியொரு மாநிலச் சட்டம் இல்லை. அங்கே டைட்டில் செவன்தான் ஒரே பிடி.

கேள்வி: மத அமைப்புகளுக்கு விலக்கு உண்டு என்கிறார்களே?

இரண்டு விலக்குகள் இருக்கின்றன. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதுதான் வழக்கமாக நடக்கிறது.

ஒன்று, சட்டத்திலேயே எழுதியிருப்பது: பிரிவு 702. மத அமைப்பு, மதப் பள்ளி, மதச் சங்கம் ஆகியவை ‘குறிப்பிட்ட மதத்தைச் சேர்ந்தவர்களை’ மட்டும் வேலைக்கு வைத்துக்கொள்ளலாம். தொடக்கத்தில் இது மதம் சார்ந்த வேலைகளுக்கு மட்டுமே இருந்தது. 1972-இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் அதை எல்லா வேலைக்கும் விரித்தது. மார்மன் சபை நடத்திய ஓர் உடற்பயிற்சிக் கூடத்தில் கட்டடப் பராமரிப்பு பார்த்தவரை, சபை தரும் கோயில் அனுமதிச் சான்று இல்லை என்று நீக்கினார்கள். 1987-இல் உச்ச நீதிமன்றம் அது செல்லும் என்றது. ஆக, பாய்லரைப் பார்த்துக்கொள்பவருக்கும் இந்த விலக்கு எட்டும்.

இரண்டாவது விலக்கு சட்டப் புத்தகத்தில் இல்லை. அரசியலமைப்பின் முதல் திருத்தத்திலிருந்து நீதிமன்றங்கள் எடுத்தது. மதப்பணி செய்பவரைத் தேர்ந்தெடுப்பதில் அரசு தலையிடக் கூடாது என்பது அது. இதைத் தமிழில் சொல்வதே ஒரு வேடிக்கை. ‘ஊழியர்’ என்றால் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர். சபையில் ‘ஊழியக்காரர்’ என்றால் போதகர். ஊழியர் எந்தப் புள்ளியில் ஊழியக்காரர் ஆகிறார் என்பதற்குத்தான் அமெரிக்க நீதிமன்றங்களில் இத்தனை பக்கம் எழுதுகிறார்கள். இங்கே ‘ஊழியக்காரர் விலக்கு’ என்றே சொல்வோம்.

கேள்வி: இரண்டுக்கும் நடைமுறையில் என்ன வேறுபாடு?

பிரிவு 702 ‘மதம்’ என்ற காரணத்துக்கு மட்டும் விலக்கு தருகிறது. இனம், பால் காரணமாக ஒதுக்கினால் அது காப்பாற்றாது என்றே பெரும்பாலான நீதிமன்றங்கள் சொல்லி வந்திருக்கின்றன. ஒரு கிறிஸ்தவப் பள்ளி, குடும்பத் தலைவர் ஆண்தான் என்ற நம்பிக்கையை வைத்து மணமான பெண்களுக்கு மருத்துவக் காப்பீடு மறுத்தது. 1986-இல் நீதிமன்றத்தில் அது எடுபடவில்லை.

ஊழியக்காரர் விலக்கு அப்படிக் காரணம் பார்ப்பதில்லை. அது பொருந்திவிட்டால் இனம், பால், வயது, ஊனம் எதைச் சொன்னாலும் வழக்கு அங்கேயே நின்றுவிடும். ஏன் நீக்கினீர்கள் என்று நீதிபதி கேட்கவே முடியாது. மதப் பள்ளிகளின் வழக்கறிஞர்கள் முதலில் இதைப் பிடித்துக்கொள்வது அதனால்தான்.

கேள்வி: யாரெல்லாம் ‘ஊழியக்காரர்’?

குருமார், போதகர், ரபி, இமாம், அர்ச்சகர் பற்றிச் சந்தேகமில்லை. 2012-இல் ஹொசானா-டேபர் வழக்கில், ஒரு லூத்தரன் பள்ளி ஆசிரியையும் இதில் அடங்குவார் என்று உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது. அவருக்குச் சபை தந்த பட்டம், இறையியல் படிப்பு, வகுப்பில் ஜெபம் நடத்தியது எல்லாம் சேர்த்துப் பார்க்கப்பட்டன. 2020 ஜூலையில் கலிஃபோர்னியாவின் இரண்டு கத்தோலிக்கப் பள்ளி ஆசிரியைகள் வழக்கில் 7-க்கு 2 என்று இன்னும் விரிந்தது: பட்டம் வேண்டாம், பெயர் வேண்டாம், அவர் என்ன செய்கிறார் என்பதுதான் கணக்கு.

கவனிக்க வேண்டியது, இந்த இரண்டு பெரிய தீர்ப்புகளிலும் பாலீர்ப்பு பற்றிய பேச்சே இல்லை. ஹொசானா-டேபரில் நோய், கலிஃபோர்னியா வழக்குகளில் வயதும் புற்றுநோயும். அங்கே போட்ட பாதையில்தான் பிறகு தன்பாலீர்ப்பாளர் வழக்குகள் ஓடின.

இண்டியானாபொலிஸ் கத்தோலிக்க மறைமாவட்டப் பள்ளி ஒன்றில் மாணவர்களுக்கு ஆலோசனை சொல்லும் துறையின் இணைத் தலைவராக இருந்தவரை, ஒரு பெண்ணை மணந்ததற்காக ஒப்பந்தம் புதுப்பிக்காமல் அனுப்பினார்கள். ‘நான் மதம் எதுவும் சொல்லித்தரவில்லை’ என்றார் அவர். ‘செய்தாரா என்பது கேள்வியில்லை, செய்யும்படி ஒப்படைக்கப்பட்டிருந்ததா’ என்று ஏழாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 2022-இல் பார்த்து, பள்ளிக்குச் சாதகமாக முடித்தது.

வட கரோலினாவின் ஷார்லட்டில் ஆங்கிலமும் நாடகமும் கற்பித்த ஆசிரியரின் வழக்கு இன்னும் விசித்திரம். 2014-இல் ஓர் ஆணை மணக்கப்போவதாக ஃபேஸ்புக்கில் எழுதினார்; மாற்று ஆசிரியராகக் கூப்பிடுவது நின்றுபோனது. ஊழியக்காரர் விலக்கைக் கேட்க மாட்டோம் என்று பள்ளியே வழக்கில் ஒப்புக்கொண்டிருந்தது. முதல் சுற்றில் ஆசிரியர் ஜெயித்தார். 2024 மே மாதம் நான்காம் வட்டார நீதிமன்றம், யாரும் கேட்காத அந்த விலக்கைத் தானே எடுத்து வழக்கை முடித்தது. அதற்குக் காட்டிய சான்றுகளில் ஒன்று, ரோமியோ ஜூலியட் நாடகத்தை நடத்தும்போது மத ஆசிரியர்களோடு கலந்துகொண்டார் என்பது.

கேள்வி: புதிதாக வேலை கேட்டு வருபவர் விஷயத்தில் தீர்ப்பு உண்டா?

உண்டு. நாங்கள் முதலில் படிக்கச் சொல்வது வேர்ல்டு விஷன் வழக்கைத்தான். வாஷிங்டன் மாநிலத்தில் இயங்கும் கிறிஸ்தவத் தொண்டு நிறுவனம் அது. 2021 ஜனவரியில் ஒரு பெண்ணுக்கு வாடிக்கையாளர் சேவைப் பிரிவில் வேலை கொடுத்தது: நன்கொடையாளர்களோடு தொலைபேசியில் பேசும் வேலை. அவர், தானும் தன் மனைவியும் குழந்தையை எதிர்பார்ப்பதாகவும் பேறுகால விடுப்பு எப்படி என்றும் மின்னஞ்சலில் கேட்டார். சில நாள்களில் வேலை வாய்ப்பு திரும்பப் பெறப்பட்டது. கிறிஸ்தவத் திருமணத்துக்கு வெளியே உடலுறவு கூடாது என்பது அங்கே நடத்தை விதி. அந்தத் திருமணம் ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையில் மட்டுமே என்பது அவர்கள் கொள்கை.

மாவட்ட நீதிமன்றம் 2023 ஜூனில் நிறுவனத்தின் பக்கம் சாய்ந்தது. அதே நீதிபதி நவம்பரில் தன் முடிவை மாற்றி, அந்தப் பெண்ணின் பக்கம் தீர்த்தார். இழப்பீடு 1,20,000 டாலர் என்று இரு தரப்பும் தொகையை ஒத்துக்கொண்டன. 2025 ஆகஸ்டில் ஒன்பதாம் வட்டார நீதிமன்றம் அதையும் கவிழ்த்தது. தொலைபேசியில் பேசுபவர் நன்கொடையாளரோடு சேர்ந்து ஜெபிக்கிறார், நிறுவனத்தின் சமயப் பணியை எடுத்துச் சொல்கிறார். ஆகவே அவரும் ஊழியக்காரரே என்றது.

ஹெட்செட் மாட்டிக்கொண்டு பேசும் வேலைக்கே இந்த விலக்கு எட்டியது என்பதை வேலை தேடுபவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். அதே நிறுவனத்தின் கணக்குப் பிரிவுக்கும் வாகன ஓட்டுநருக்கும் இது எட்டும் என்று அந்தத் தீர்ப்பு சொல்லவில்லை என்பதையும் சேர்த்தே குறித்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: அப்படியென்றால் எல்லா வேலைக்கும் ‘ஊழியம்’ என்று பெயர் போட்டுவிட்டால் முடிந்ததா?

முடியவில்லை. மாசச்சூசெட்ஸில் ஒரு கிறிஸ்தவக் கல்லூரி தன் ஆசிரியர் கையேட்டில் எல்லாப் பேராசிரியர்களும் ஊழியக்காரர்களே என்று எழுதி வைத்தது. சமூகப்பணித் துறைப் பேராசிரியை ஒருவருக்குப் பதவி உயர்வு மறுத்தபோது (கல்லூரியின் தன்பாலீர்ப்புக் கொள்கையை அவர் விமர்சித்திருந்தார்) அந்த வரியைக் காட்டியது. அவர் வகுப்பில் ஜெபம் நடத்தவில்லை, வழிபாடு நடத்தவில்லை, மதம் கற்பிக்கவில்லை. எழுதி ஒட்டுவதால் வேலை மாறிவிடாது என்று மாநில உச்ச நீதிமன்றம் 2021-இல் சொன்னது.

வேலை விவரத் தாளில் ‘தினமும் காலை ஜெபத்தை நடத்துவார்’ என்று ஒரு வரி இருந்து, அது உண்மையிலேயே நடந்தால் அமைப்பின் கை ஓங்கும். வழக்கு வரும் என்று பயந்து நேற்று சேர்த்த வரி என்றால் எதிர்த்தரப்பு அதன் தேதியைத் தோண்டி எடுக்கும்.

கேள்வி: ஒரே மதத்தைச் சேர்ந்தவர்தான், ஆனால் தன்பாலீர்ப்பாளர். பிரிவு 702-ஐக் காட்டி மறுக்கலாமா?

முடிவாகாத கேள்வி இது. சட்டம் ‘மதம்’ என்பதற்குத் தரும் பொருளில் நம்பிக்கை மட்டும் இல்லை, நடைமுறையும் கடைப்பிடிப்பும் அடங்கும். ஆகவே ‘எங்கள் ஒழுக்க விதிப்படி வாழாதவர் எங்கள் மதத்தவர் இல்லை’ என்று அமைப்புகள் வாதாடுகின்றன. இண்டியானாபொலிஸ் வழக்கில் நீதிபதி ஈஸ்டர்புரூக் தனியாக எழுதிய கருத்தில் அந்த வாதத்தை ஏற்றார். உடன் இருந்தவர்கள் ஊழியக்காரர் விலக்கோடு நிறுத்திக்கொண்டார்கள். எதிர்வாதமும் வலுவானதுதான்: இதை ஒப்புக்கொண்டால் ‘வெள்ளையரும் கறுப்பரும் மணப்பது பாவம்’ என்று சொல்லும் அமைப்பையும் விட வேண்டிவரும். இரண்டில் எதை உச்ச நீதிமன்றம் எடுக்கும் என்று பந்தயம் கட்ட நாங்கள் தயாரில்லை.

கேள்வி: ‘மத அமைப்பு’ என்று யார் தீர்மானிப்பது? முதலாளி பக்திமான் என்றால் போதுமா?

பக்தி போதாது. சுரங்கக் கருவிகள் செய்யும் ஒரு கம்பெனி தன் தொழிலாளர்களை வாரா வாரம் ஆராதனைக்கு வரச் சொன்னது. அதன் முதலாளிகள் கடவுளோடு உடன்படிக்கை செய்துகொண்டவர்கள்தான். ஆனால் கம்பெனி செய்தது லாபத்துக்குக் கருவி விற்பது. மத அமைப்பு இல்லை என்று 1988-இல் சொன்னது ஒன்பதாம் வட்டார நீதிமன்றம். லாப நோக்கு உண்டா, ஸ்தாபன ஆவணத்தில் என்ன எழுதியிருக்கிறது, பணம் எங்கிருந்து வருகிறது, நிர்வாகக் குழுவில் யார், அன்றாடம் வழிபாடு நடக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள்.

லாபக் கம்பெனிக்கு இருக்கும் இன்னொரு வழி, 1993-ஆம் ஆண்டின் மதச் சுதந்திர மீட்புச் சட்டம். வலுவான காரணமில்லாமல் அரசு ஒருவரின் மதக் கடைப்பிடிப்புக்குப் பெரிய சுமை வைக்கக் கூடாது என்பது அது. 2014-இல் ஹாபி லாபி வழக்கில், சிலர் கையில் மட்டும் இருக்கும் கம்பெனிக்கும் அது பொருந்தும் என்றானது. அதைப் பிடித்து 2023-இல் டெக்சஸின் ஒரு கம்பெனி, தன்பாலீர்ப்பாளரை வேலைக்கு எடுக்கும்படி மத்திய அரசின் சம வேலைவாய்ப்பு ஆணையம் தன்னைக் கட்டாயப்படுத்த முடியாது என்று ஐந்தாம் வட்டார நீதிமன்றத்தில் ஜெயித்தது. இதில் இரண்டு ஓட்டைகள். அங்கே எதிரே நின்றது அரசு. விண்ணப்பதாரரே நேராக வழக்குப் போட்டால் இந்தச் சட்டம் கேடயமாகாது என்று சொல்லும் நீதிமன்றங்கள் இருக்கின்றன. மேலும் 1997 முதல் இது மாநிலச் சட்டங்களுக்குப் பொருந்தாது.

கேள்வி: அமெரிக்காவில் உள்ள இந்துக் கோயிலுக்கும் இதே விதியா?

ஆமாம். சட்டம் மதத்துக்கு மதம் மாறாது. ஒரு கோயிலை எடுத்துக்கொள்ளுங்கள்: இரண்டு அர்ச்சகர்கள், மடைப்பள்ளியில் மூன்று பேர், கீழ்த்தளத்துக் கேன்டீனில் ஐந்து பேர், அலுவலகத்தில் நான்கு பேர், வாகன நிறுத்தத்தில் இரண்டு காவலர். மொத்தம் பதினாறு. வாசற்படியான பதினைந்தைத் தாண்டியாயிற்று.

அர்ச்சகர் நியமனத்தில் நீதிமன்றம் தலையிடாது. நைவேத்தியம் செய்யும் மடைப்பள்ளிக்காரர் பற்றி வாதாட இடம் இருக்கிறது. தளிகை வழிபாட்டின் பகுதி என்று கோயில் சொல்லலாம். கேன்டீனில் தோசை வார்ப்பவருக்கும் கணக்கு எழுதுபவருக்கும் ஊழியக்காரர் விலக்கைக் காட்டுவது கடினம். ‘இந்துவாக இருக்க வேண்டும்’ என்று பிரிவு 702-படி கேட்கலாம். ‘இந்துதான், ஆனால் தன்பாலீர்ப்பாளர், வேண்டாம்’ என்றால் மேலே சொன்ன முடிவாகாத கேள்விக்குள் கோயில் தன் காசில் நுழைகிறது.

கேள்வி: விண்ணப்பத்தோடு நம்பிக்கை அறிக்கையில் கையெழுத்துக் கேட்கிறார்கள். போடலாமா?

முதலில் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். வெறும் கோட்பாடு (திரித்துவம், மறை நூல்) மட்டுமா, நடத்தை விதியும் இருக்கிறதா என்று பாருங்கள். ‘திருமணம் ஆணுக்கும் பெண்ணுக்கும் மட்டும்’ என்ற வரி பெரும்பாலும் இரண்டாவது தாளில், நடத்தை உடன்படிக்கை என்ற தலைப்பில் இருக்கும். பொய்யாகக் கையெழுத்துப் போட்டால், பின்னால் பாகுபாடு நிரூபணமானாலும், ‘இந்தப் பொய் தெரிந்திருந்தால் எடுத்தே இருக்க மாட்டோம்’ என்று சொல்லி இழப்பீட்டைக் குறைக்க நிறுவனத்துக்கு வழி கிடைக்கும். சாதாரண லாபக் கம்பெனி இப்படி ஒரு தாளை நீட்டினால் அந்தத் தாளே அதற்கு எதிரான சான்று.

கேள்வி: நேர்காணலில் ‘கல்யாணம் ஆகிவிட்டதா, கணவர் என்ன செய்கிறார்’ என்று கேட்டால்?

நம் ஊர் ஆட்கள் நடத்தும் கம்பெனிகளில் இது சகஜமாக வரும் கேள்வி. கேட்பவர் தப்பாக நினைத்துக் கேட்பதில்லை. மத்தியச் சட்டத்தில் கேள்வியே குற்றம் என்று எழுதவில்லை. ஆனால் பதிலைக் கேட்ட பிறகு வேலை மறுத்தால் அந்தக் கேள்வி சான்றாக மாறும். ‘இந்த வேலைக்கான நேரத்திலும் பயணத்திலும் எனக்குச் சிக்கல் இல்லை’ என்று வேலைக்குத் திருப்பிவிடுவது இரு பக்கத்துக்கும் நல்லது. முடிந்ததும் யார் கேட்டார், என்ன சொற்கள், எத்தனை மணி என்று அன்றே எழுதி உங்களுக்கே ஒரு மின்னஞ்சல் அனுப்பி வையுங்கள். ரகசியமாகப் பதிவு செய்ய வேண்டாம்: கலிஃபோர்னியா, வாஷிங்டன், பென்சில்வேனியா போன்ற மாநிலங்களில் எதிரில் இருப்பவர் சம்மதமில்லாமல் பதிவு செய்வதே குற்றம்.

கேள்வி: மறுத்துவிட்டார்கள். எங்கே, எத்தனை நாளுக்குள் போக வேண்டும்?

சம வேலைவாய்ப்பு ஆணையத்தில் (இ.இ.ஓ.சி.) புகார் கொடுக்காமல் டைட்டில் செவன் வழக்கு போட முடியாது. கட்டணம் இல்லை, வழக்கறிஞர் கட்டாயமில்லை; ஆணையத்தின் இணையவாசலில் விசாரணைக் கோரிக்கை பதிந்து, நேர்காணலுக்கு நேரம் வாங்கலாம். வெறும் கோரிக்கை பதிந்ததையே புகார் கொடுத்ததாக நினைத்துப் பலர் ஏமாறுகிறார்கள். புகார்ப் படிவம் தயாராகி நீங்கள் கையெழுத்திட்டால்தான் அது புகார்.

கெடு 180 நாள். அதே பாகுபாட்டைத் தடுக்கும் மாநில அல்லது உள்ளூர்ச் சட்டமும் அதை நடத்தும் அலுவலகமும் இருந்தால் 300 நாள். வார இறுதியும் கணக்கில் சேரும். 2026 மார்ச் 2 அன்று மறுப்பு மின்னஞ்சல் வந்தது என்றால் 180-ஆம் நாள் ஆகஸ்ட் 29, 300-ஆம் நாள் டிசம்பர் 27. கடைசி நாள் சனி, ஞாயிறு அல்லது விடுமுறையானால் அடுத்த வேலை நாள் வரை இடம் உண்டு. அந்த இடத்தை நம்பி இருக்காதீர்கள். நாள் எண்ணுவது உங்களுக்கு மறுப்பு தெரிந்த நாளிலிருந்து. ஹெச்.ஆரிடம் முறையிட்டுக் காத்திருக்கும் நாளெல்லாம் ஓடிக்கொண்டேதான் இருக்கும். கெடு தவறிப்போகும் புகார்களில் இந்தக் காத்திருப்புக்குப் பெரிய பங்கு உண்டு.

மாநிலப் புகாருக்குக் கெடு வேறு: கலிஃபோர்னியாவிலும் நியூயார்க்கிலும் 3 ஆண்டுகள். ஒரு இடத்தில் கொடுக்கும்போதே ‘இரண்டிலும் பதிவு செய்யவும்’ என்று கேட்கலாம். ஆணையம் ‘வழக்குத் தொடரும் உரிமை’ கடிதம் கொடுத்த நாளிலிருந்து 90 நாளுக்குள் நீதிமன்றம் போக வேண்டும். இந்த 90-ஐ நீதிபதிகள் இரக்கமில்லாமல் எண்ணுவார்கள்.

கேள்வி: என்னென்ன ஆவணங்கள்?

வேலை விளம்பரத்தின் திரைப்பிடிப்பு முதலில். ஆள் கிடைத்ததும் இணையத்திலிருந்து எடுத்துவிடுவார்கள். வேலை விவரத் தாள், வாய்ப்புக் கடிதம், மறுப்பு மின்னஞ்சல், குறுஞ்செய்திகள், நம்பிக்கை அறிக்கை. உங்களுக்குப் பின் யாரை எடுத்தார்கள், அவர் தகுதி என்ன என்பது தெரிந்தால் அதுவும். ‘கலாச்சாரத்துக்குப் பொருந்தவில்லை’ என்று முதலில் சொல்லிவிட்டுப் புகார் வந்த பிறகு ‘அனுபவம் போதாது’ என்று மாற்றினால், மாறிய காரணமே வலுவான சான்று.

கேள்வி: எவ்வளவு பணம் கிடைக்கும்?

மன உளைச்சலுக்கும் தண்டனைக்குமான தொகைக்குச் சட்டமே உச்சவரம்பு வைத்திருக்கிறது. 15 முதல் 100 பேர் உள்ள நிறுவனம் என்றால் 50,000 டாலர். 101–200 பேர் 1,00,000. 201–500 பேர் 2,00,000. அதற்கு மேல் 3,00,000. இரண்டும் சேர்த்துத்தான் இந்த வரம்பு. இழந்த சம்பளமும் வழக்கறிஞர் கட்டணமும் இதற்கு வெளியே. இழந்த சம்பளம் கேட்க, நீங்கள் வேறு வேலை தேடிக்கொண்டே இருந்ததைக் காட்ட வேண்டும். அனுப்பிய விண்ணப்பங்களின் பட்டியலை வைத்திருங்கள்.

கேள்வி: மத நம்பிக்கை உள்ள விண்ணப்பதாரரை ‘இவர் தன்பாலீர்ப்பாளரை ஏற்க மாட்டார்’ என்று ஒதுக்கலாமா?

கூடாது. அதே சட்டத்தில் ‘மதம்’ என்ற சொல்லும் இருக்கிறது. 2015-இல் தலைமுக்காடு அணிந்த முஸ்லிம் பெண்ணை எடுக்காத துணிக்கடை வழக்கில், அவர் வாய்திறந்து சலுகை கேட்காவிட்டாலும், சலுகை தர வேண்டிவருமே என்ற எண்ணத்தில் ஒதுக்கினாலே குற்றம் என்றது உச்ச நீதிமன்றம். 2023-இல் ஞாயிறு வேலைக்கு வர மறுத்த தபால் ஊழியர் வழக்கிலிருந்து, மதச் சலுகையை மறுக்க வேண்டுமென்றால் தொழிலுக்குக் கணிசமான சுமை வரும் என்று நிறுவனம் காட்டியாக வேண்டும்.

நம்பிக்கை வேறு, சக ஊழியரைக் குத்துவது வேறு. கணினிக் கம்பெனி ஒன்றில் ஒருவர் தன்பாலீர்ப்பைக் கண்டிக்கும் பைபிள் வசனங்களைப் பெரிய எழுத்தில் தன் இருக்கைக்கு மேலே ஒட்டினார்; சக ஊழியர்களைப் புண்படுத்தவே ஒட்டியதாக அவரே ஒப்புக்கொண்டார். எடுக்க மறுத்ததால் வேலை போனது. 2004-இல் நீதிமன்றம் கம்பெனியின் பக்கம் நின்றது.

கேள்வி: எதிர்பாலீர்ப்பாளர் புகார் கொடுக்கலாமா?

கொடுக்கலாம். ஒஹையோவில் ஒரு பெண், தன்பாலீர்ப்பாளர்களுக்காகத் தன்னை ஒதுக்கினார்கள் என்று வழக்குப் போட்டார். பெரும்பான்மையினருக்குக் கூடுதல் சான்று தேவை என்ற கீழ் நீதிமன்ற விதியை 2025 ஜூன் 5 அன்று உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தூக்கி எறிந்தது.

கேள்வி: தன்பாலீர்ப்பாளர் திருமணத்துக்கு கேக் செய்ய மறுத்த கடைக்காரர், அப்படிப்பட்ட திருமணங்களுக்கு வலைத்தளம் செய்ய மாட்டேன் என்ற வடிவமைப்பாளர் வழக்குகளில் மதம்தானே ஜெயித்தது?

அவை வாடிக்கையாளருக்குச் சேவை மறுப்பது பற்றிய வழக்குகள். வேலைக்கு ஆள் எடுப்பதை அவை தொடவில்லை.

கேள்வி: 2025 ஜனவரியில் அமெரிக்காவில் அரசு மாறிய பிறகு இதெல்லாம் இன்னும் இருக்கிறதா?

மத்திய அரசின் ஒப்பந்ததாரர்களைக் கட்டுப்படுத்திய 1965-ஆம் ஆண்டின் 11246 எண் ஆணையும், அதில் 2014-இல் ஒபாமா சேர்த்த பாலீர்ப்புப் பாதுகாப்பும் 2025 ஜனவரியில் ரத்தாயின. அதே ஆண்டு ஆணையம் திருநர்களுக்காகத் தான் தொடுத்திருந்த பல வழக்குகளைக் கைவிட்டது. பாஸ்டாக் தீர்ப்பு அப்படியே இருக்கிறது. அதைத் தள்ள உச்ச நீதிமன்றமோ காங்கிரஸோ வர வேண்டும். ஆணையம் ஆர்வம் காட்டாவிட்டாலும் புகாரைப் பதிந்து, 180 நாள் கழித்து உரிமைக் கடிதம் கேட்டு வாங்கி, சொந்தமாக வழக்குப் போடலாம்.

கேள்வி: ஹெச்-1பி விசாவில் இருக்கிறேன். நான் புகார் கொடுக்க முடியுமா?

முடியும். அமெரிக்க மண்ணில் வேலை செய்பவருக்குக் குடியுரிமை தேவையில்லை. ஆனால் புகார் உங்கள் விசாவை நீட்டாது. வேலை போனால் அதிகபட்சம் 60 நாள் அவகாசம். அதற்குள் வேறு நிறுவனம் மனுப் போட வேண்டும். இரண்டு கடிகாரங்களும் தனித்தனியாக ஓடும். விசா வழக்கறிஞரும் வேலைவாய்ப்பு வழக்கறிஞரும் ஒருவராக இருக்க வாய்ப்பு குறைவு.

கேள்வி: அதே அமெரிக்கக் கம்பெனியின் சென்னைக் கிளையில் நடந்தால்?

டைட்டில் செவன் வராது. வெளிநாட்டுக் கிளையில் அது அமெரிக்கக் குடிமக்களை மட்டுமே காக்கிறது. இந்தியாவில் 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் வயது வந்தவர்கள் மனமொத்து நடத்தும் உறவைக் குற்றப் பட்டியலிலிருந்து எடுத்தது. பாலீர்ப்பைக் காரணம் காட்டிப் பாகுபாடு கூடாது என்றும் சொன்னது. ஆனால் அரசியலமைப்பு கட்டுவது முதன்மையாக அரசை. தனியார் கம்பெனி தன்பாலீர்ப்பாளருக்கு வேலை மறுப்பதைத் தடுக்கத் தனிச் சட்டம் இல்லை. வேலைவாய்ப்பில் திருநர்களிடம் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கும் சட்டம் 2019-இல் வந்தது. சென்னைக் கிளையில் இருப்பவருக்குக் கையில் இருப்பது பெரும்பாலும் கம்பெனியின் சொந்த நடத்தைக் கொள்கைதான். அந்தக் கொள்கையில் ‘உலகம் முழுவதும் உள்ள எங்கள் ஊழியர்கள்’ என்று எழுதியிருக்கிறதா, ‘அமெரிக்க ஊழியர்கள்’ என்று எழுதியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.